காதைத் தொட்ட கை

எங்கள் இல்லத்துப் பதிவேட்டைப் புரட்டினால் பாதிப் பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பார்கள். மற்ற மாதங்களில் பிள்ளை பெறக்கூடாது என்று யாரோ தடை போட்டதுபோலத் தோன்றும். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பிறந்த தேதி தெரியாமல் வருகிற பிள்ளைக்கு மே மாதத்தில் ஒரு நாளைப் போட்டுவிடுவோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வயது சரியாக நிற்கும், தலைமையாசிரியர் குடைய மாட்டார். அப்படிப் போட்ட தேதிகளில் பலவும் என் கையெழுத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. நாற்பது பெண் பிள்ளைகள். அம்மா இல்லாதவர்கள், அப்பா இல்லாதவர்கள், இரண்டு பேரும் இருந்தும் இல்லாதவர்கள். நான் அங்கே இல்லத் தாய். பதவிப் பெயர் கேட்கப் பெரிதாக இருக்கும். காலை ஐந்தரைக்கு எழுப்புவது, குளியலறை வரிசையில் சண்டை தீர்ப்பது, கேப்பைக் கூழைப் பார்த்து முகம் சுளிப்பவளை மிரட்டிக் குடிக்க வைப்பது, எட்டரைக்குள் அத்தனை தலையையும் பின்னி ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேன் சீப்போடு படியில் உட்கார்வது, இவ்வளவுதான் வேலை. பிள்ளைகள் முகத்துக்கு நேரே என்னைப் பெரியம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் குக்கர் என்பார்கள். காலை நேரத்தில் எனக்கு விசில் வந்துகொண்டே இருக்குமாம். அந்தப் பெயரை வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் இது.

அவளும் அவள் அக்காவும் வந்தது ஒரு கோடை மத்தியானம். தாய்மாமன் கூட்டி வந்திருந்தார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் போனவர்தான். விழுப்புரத்தில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திக் கடிதமும் வாங்கி வந்திருந்தார் மாமன். பெரியவளுக்கு எட்டு வயது, பிறப்புச் சான்றிதழ் இருந்தது. சின்னவள் செங்கல் சூளையில் பிறந்தவள். அவளுக்கு எந்தக் காகிதமும் இல்லை. இல்லத்தில் வயதை விசாரித்து எழுதி அனுப்ப வேண்டியிருந்தது.

"எனக்கே மூணு புள்ளைங்க மேடம். இதுங்க ரெண்டையும் வச்சிக்கினு நான் இன்னா பண்றதுங்க" என்று மாமன் எங்கள் கண்காணிப்பாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் வருத்தமும் இருந்தது, கிளம்பும் அவசரமும் இருந்தது.

நான் பிள்ளைகளை வெளியே குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டேன். சின்னவள் அக்காவின் பாவாடை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கினால் விடவில்லை. ஈரக்கையோடு கன்னத்தைத் தட்டி, "உனக்கு எத்தினி வயசு?" என்று கேட்டேன். அவள் அக்காவைப் பார்த்தாள்.

"பாப்பாக்கு அஞ்சு கூட ஆவலை" என்றாள் பெரியவள். "மல்லாட்டை புடுங்குறப்ப பொறந்துச்சி. அம்மா சொல்லும்."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அதைப் பிடுங்குவது கார்த்திகை வாக்கில், அப்படியென்றால் நாலரை. எங்கள் இல்லத்தில் ஆறு வயது முடிந்தவர்களைத்தான் சேர்ப்போம். அதற்குக் கீழே இருந்தால் வேறொரு மாவட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பவேண்டும். அப்படிப் பிரித்து அனுப்பிய ஒரு ஜோடியை நான் அதற்கு முந்தின வருஷம் பார்த்திருந்தேன். இங்கே தங்கின அக்காக்காரி ஒரு மாசம் வாயே திறக்கவில்லை. அந்த முகம் எனக்குள் இருந்தது. நான் குனிந்து பெரியவளின் காதோடு சொன்னேன்.

"அப்படிச் சொன்னீன்னா பாப்பாவ வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க. யாரு கேட்டாலும் ஆறு முடிஞ்சிடுச்சின்னு சொல்லு. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

உள்ளே போனோம். வயதுக் காகிதம் இல்லாத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சோதனை உண்டு. என்னையே அப்படித்தான் ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் பள்ளிக்கூடத்துக்கு வயதாகிவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. இந்தக் காலத்தில் யாரும் செய்வதில்லை. கண்காணிப்பாளர் மட்டும் பழைய ஆள், அவருக்கு அதில் நம்பிக்கை. "எங்க, காதைத் தொடு பார்க்கலாம்" என்றார்.

சின்னவள் கையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டாள். விரல்கள் காதுக்கு மேலே முடியில் நின்றுவிட்டன. இரண்டு விரல் அகலம் பாக்கி. நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். "நேரா நில்லு" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் அவள் தலையை வலது பக்கம் அமுக்கினேன், இன்னொரு கையால் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். விரல் காது மடலில் பட்டது.

"தொட்டுட்டா மேடம்" என்றேன்.

கண்காணிப்பாளர் அப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்தாரா, பார்க்கவேண்டாம் என்றுதான் துடைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி, எழுதிக்கோங்க" என்றார். நான் மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டேன். ஆறு வயது முடிந்தது. ஒரு நாலரை வயதுப் பிள்ளையின் வாழ்க்கையில் ஒன்றரை வருஷம், நான் பேனாவை மூடுவதற்குள் போய்விட்டது.

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காவும் தங்கையும் ஒரே பாயில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தபோது, நல்லது செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

ஜூனில் ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தோம். சின்னவளுக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை. பிடித்தால் எழுத்து கோட்டில் நிற்கவில்லை. சாயங்காலம் படிக்கும் நேரத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து அகரம் எழுத வைப்பேன். அது நண்டு நடந்ததுபோலப் போகும். என் குணம்தான் தெரியுமே. மர ஸ்கேலை எடுத்து விரல் முட்டியில் வைப்பேன். "ஆறு வயசு முடிஞ்சவ எழுதுற எழுத்தாடி இது?" என்று கேட்பேன். படுக்கையை நனைத்துவிட்டால் அத்தனை பிள்ளைகள் முன்னால் பாயைத் தூக்கிக் காட்டுவேன். "ஆறு வயசு முடிஞ்சும் வெக்கமில்ல" என்பேன்.

எப்படி அப்படி மறந்துபோனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரோ எழுதினதை நம்பியிருந்தால் பரவாயில்லை. நானே எழுதினதை நானே நம்பிவிட்டேன். பதிவேட்டில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் இருந்தது, பிறகு ஆதாரிலும் ஏறியது. அத்தனை இடத்தில் இருப்பது எப்படிப் பொய்யாக இருக்கும்? பெரியவள் மட்டும் தங்கையின் விரலை ஊதிவிட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பாள். வாய் திறக்கமாட்டாள். திறந்தால் தங்கையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேனே.

வருஷக் கடைசியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இவளை இன்னும் ஒரு வருஷம் ஒண்ணாம் வகுப்பிலேயே வைக்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். அந்த இரண்டாவது ஒண்ணாம் வகுப்பில் அவள் கிடுகிடுவென்று எழுதினாள், வாசித்தாள், எல்லோருக்கும் முன்னால் பாட்டுச் சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு உண்மையில் அந்த வகுப்புக்கான வயது வந்திருந்தது. நான் என் ஸ்கேலின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

வளர வளர நல்ல வாயாடி ஆனாள். சமையலறையில் ஆயாம்மா வேர்க்கடலை வேகவைத்தால் முதல் கைப்பிடி அவளுக்குத்தான் போகும். யாராவது பெரிய மனிதர்கள் தங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எங்கள் இல்லத்தில் சாப்பாடு போட வருவார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று வாழ்த்துப் பாடவேண்டும். இவள் பாடிவிட்டு என் காதில் வந்து, "அவங்களுக்குத் தனியா ஒரு நாள் இருக்குது பெரியம்மா. நாங்க இத்தினி பேரும் ஒரே மாசத்துல கூட்டமா பொறந்திருக்கோம்" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்த கையோடு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் விழுந்த பால் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். பதிவேட்டின்படி அவளோடு ஒத்த வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பல் எப்போதோ முளைத்துவிட்டது. "எனக்கு மட்டும் ஏன் பெரியம்மா எல்லாம் லேட்டா நடக்குது?" என்று கேட்டாள்.

"பால் குடிக்கமாட்டேன்னு அடம் புடிச்சா அப்படித்தான்" என்றேன்.

அவள் அன்றிலிருந்து டம்ளரை வழித்து வழித்துக் குடித்தாள்.

பெரியவளுக்குப் பதினெட்டு ஆனதும் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, கம்பெனி விடுதியிலேயே தங்கிக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்துச் சின்னவளின் முறை வந்தது. அவள் அப்போது பதினோராம் வகுப்பு முடிக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் படித்து ப்ளஸ் டூ எழுதவேண்டும், பிறகு நர்ஸிங் சேரவேண்டும் என்பது அவள் எண்ணம். மே மாதம் வந்தால் பதிவேட்டின்படி அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. பதினெட்டு முடிந்தால் இல்லத்தில் வைத்திருக்க முடியாது. உண்மையில் அவளுக்குப் பதினாறரைதான்.

பொங்கலுக்குப் பொங்கல் எட்டிப்பார்க்கும் தாய்மாமன் மார்ச் மாதத்திலேயே கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். இந்தமுறை கையில் பழமும் இருந்தது.

"பதினெட்டு முடியுதில்லங்க, நாங்களே கூட்டிக்கினு போறோம்" என்றார் என்னிடம். "என் தம்பிக்கு முப்பது ஆவுது, பொண்ணு அமையவே மாட்டேங்குது, வீட்ல ஒரே பேஜாரு. அக்கா பொண்ணு, முறைதான். வெளிய எதுக்குக் குடுக்கணும்?"

"அவ படிக்கணும்னு சொல்றாளே" என்றேன்.

"படிக்கட்டுங்க, யாரு வேணாங்கிறா. கட்டிக்கினு படிக்கட்டும். ஆதார்லயே பதினெட்டு இருக்குது, போலீஸ் கீலீஸ்னு யாரும் கேக்க முடியாது பாருங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆதாரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சொன்னார். அதில் இருந்தது நான் எழுதினது.

இரண்டு நாள் கழித்துத் துணி காயப்போடும் இடத்தில் சின்னவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். சீருடைகளை உதறி உதறிக் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பெரியம்மா, அக்கா போன்ல சொல்றா, எனக்கு நெஜமா பதினாறுதானாம். அப்படியா?"

கையில் இருந்த பாவாடையை நான் கொடியில் போட்டேன். போட்டதைச் சரிசெய்தேன்.

"உங்க அக்காவுக்கு அப்ப எட்டு வயசு. அவளுக்கு இன்னா தெரியும்" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். மீதித் துணியையும் உதறிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அன்று சாயங்காலமே பெரியவள் எனக்குப் போன் செய்தாள். பின்னால் கம்பெனி பஸ்ஸின் சத்தம் கேட்டது. "பெரியம்மா, நீங்கதான அன்னிக்கி ஆறுன்னு சொல்லச் சொன்னீங்க. நான் இத்தினி வருஷம் யார்கிட்டயும் சொல்லல. இப்ப நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு வருஷம், ப்ளஸ் டூ முடிக்கட்டும். அதுக்குள்ள நான் ரூம் பாத்துடறேன்."

"பார்க்கிறேம்மா" என்றேன்.

பார்க்கிறேன் என்ற சொல்லை நம் ஊரில் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று அவளுக்கும் தெரியும். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அடுக்கடுக்காகக் காரணம் சொல்வேன். பதிவேட்டில் பொய் எழுதினது தெரிந்தால் இல்லத்துக்கே கெட்ட பெயர், உரிமம் போய்விட்டால் நாற்பது பிள்ளைகளும் எங்கே போவார்கள், ஓய்வு பெற்றுப்போன கண்காணிப்பாளரை இந்த வயதில் கூப்பிட்டு விசாரிப்பார்களே. இப்படி எல்லோரையும் நினைத்துத்தான் வாய் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவள், நாலு பேர் வாயில் விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். நாற்பது பிள்ளைகள் அந்தப் பயத்துக்கு மேல் நான் போட்ட போர்வை.

ஏப்ரல் கடைசியில் விழுப்புரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நலக் குழுவின் முன்னால் நிறுத்தி, இனி எங்கே இருக்கப்போகிறாள் என்று எழுதி வாங்கவேண்டும். மாமன் பைக்கில் வந்திருந்தார். அறையில் மின்விசிறி ஓடியும் புழுக்கம் தாங்கவில்லை. தலைவர் நாற்காலியில் இருந்த அம்மா நிதானமானவர், கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு என்று எழுதியிருக்கிறது, எதிரே நிற்பது அதைவிடச் சின்ன முகம்.

"வயசுல ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று என்னைக் கேட்டார். "இருந்தா சொல்லுங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயசைப் பாத்துடலாம். அதுல ஒண்ணும் தப்பில்ல."

இதைவிட எளிதாக ஒரு கதவை யாரும் திறந்துவிட முடியாது. சின்னவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க மேடம். ரெக்கார்டு சரியா இருக்குதுங்க" என்றேன்.

அவர் அவளிடம் திரும்பி, மாமன் வீட்டுக்குப் போகிறாயா, அல்லது பதினெட்டு தாண்டினவர்கள் தங்கிப் படிக்கிற விடுதிக்கு எழுதட்டுமா, அதற்கு இடம் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்று கேட்டார். அவள் மெதுவாக, "பெரியம்மா சொல்றபடி" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சை மாமன் அந்த அறையில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. "சொந்தத்தோட இருக்கட்டுங்க" என்று சொன்னேன்.

மாமன் பைக்கில் போய்விட்டார். அவளுடைய பெட்டியை எடுக்க வேண்டியிருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் திண்டிவனம் பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முண்டியம்பாக்கத்தில் பஸ் நின்றது. "ஆஸ்பத்திரி எறங்குறவங்க எறங்கு, ஜல்தி, ஜல்தி" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். கையில் ஃபைலும் பிளாஸ்டிக் பையுமாக ஏழெட்டு பேர் இறங்கினார்கள்.

"எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரி இதானா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எடுத்தா வலிக்குமா?"

"வலிக்காது."

அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றால் போதும், அவள் என்னோடு இறங்கியிருப்பாள். அன்றே திரும்பி விழுப்புரம் போயிருக்கலாம். கடைசி ஆளும் இறங்கினார், கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பிவிட்டது. விக்கிரவாண்டி தாண்டியதும் அவள் தூங்கிப்போனாள், தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

ஆவணியில் கல்யாணம். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மாலையின் பாரத்தில் அவள் கழுத்து முன்னால் குனிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்தே சிரித்தாள். பெரியவள் லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. வராததற்குக் காரணம் லீவு இல்லை என்று எனக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், குற்ற உணர்ச்சியில் சோறு இறங்கவில்லை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். எனக்கு இறங்கியது.

அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை. பெருமுக்கல் பக்கம் ஒரு விசேஷம் என்றால்கூட ஏதாவது காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். புதிதாக வருகிற பிள்ளைக்கு வயதுக் காகிதம் இல்லையென்றால் நான் பேனாவைத் தொடுவதில்லை. எக்ஸ்ரேவுக்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த அம்மாவுக்கு என்ன இவ்வளவு கறார் என்று புதுக் கண்காணிப்பாளர் நினைத்திருப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படியில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் ஒரு பை நிறைய மல்லாட்டை. இளைத்திருந்தாள். கணக்குப் பார்த்தால் அவளுக்கு இப்போதுதான் இருபது ஆகிறது. ஆதாரில் இருபத்தொன்று தாண்டிவிட்டது.

"இன்னா பெரியம்மா, விசில் வர்றதில்லையா இப்பல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பேன் பார்த்த பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டேன்.

ப்ளஸ் டூவைத் தனியாக எழுதப்போகிறாளாம். வீட்டுக்காரர் முதலில் முறைத்துவிட்டு இப்போது சரி என்றுவிட்டாராம். கல்யாண அவசரத்தில் பத்தாவது, பதினோராவது மார்க் ஷீட்களை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதை வாங்கத்தான் வந்திருந்தாள். நான் அலுவலக அறையைத் திறந்து பீரோவிலிருந்து அவளுடைய கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன். மார்க் ஷீட் கடைசியில் இருந்தது. அவள் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"இது உங்க கையெழுத்துதான பெரியம்மா?"

"ஆமா."

"எனக்கு ஞாபகம் இருக்குது" என்றாள். "என் தலையை அமுக்குனீங்க. காது மடங்கி வலிச்சிது. அழக்கூடாதுன்னு அக்கா கண்ணைக் காட்டினா."

அவள் குழந்தையைக் கீழே இறக்கி நிற்கவைத்து, அதன் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டாள். குட்டிக் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. குழந்தை விளையாட்டு என்று நினைத்துக் கெக்கெக்கென்று சிரித்தது. அவள் இழுக்கவில்லை. கையை மெதுவாக இறக்கிவிட்டு, "எட்டல பாருங்க. எட்டும்போது எட்டட்டும்" என்றாள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அதுக்கில்ல பெரியம்மா. அன்னிக்கி நீங்க அமுக்கலைன்னா நான் தனியா எங்கயோ போயிருப்பேன். அக்கா கூடப் பத்து வருஷம் இருந்தேன் இல்ல. அதுக்கு நான் உங்களை ஒண்ணும் சொல்லமாட்டேன்." மார்க் ஷீட்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "ஆனா விழுப்புரத்துல அந்த மேடம் அவ்ளோ நல்லா கேட்டாங்க. நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

இல்லத்தின் பெயர், உரிமம், நாற்பது பிள்ளைகள் என்று மனதுக்குள் வரிசையாக எல்லாம் வந்து நின்றன. ஒன்றையும் என்னால் அவளிடம் எடுத்துக் காட்ட முடியவில்லை.

"பயமா இருந்திச்சிம்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கும்தான் பயமா இருந்திச்சி பெரியம்மா" என்றாள்.

பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.